பூட்டாம போகாதிய

ஜெயலீலாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை அவளே ஒத்துக்கொள்வாள். நாசரேத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்த காலத்தில் அந்த வாய்தான் அவளுக்குப் பெருமை. ஒரு அதட்டுப் போட்டாள் என்றால் வகுப்பே கப்சிப். அடுத்த வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து உட்காரும். அங்கே அது திறமை. அமெரிக்காவுக்கு வந்த அந்த மாசமே அதே வாய் அவளை ஒரு வீட்டை விட்டு வெளியே தள்ளிவிட்டது, என்ன செய்ய?

அந்த வீடு ஜோசபின் மயினியின் வீடு. ஜெயலீலாவின் கணவன் பால்துரைக்கு அக்கா. நர்ஸாக வந்து, கல்யாணம் முடித்து, பார்சிப்பனியில் இரண்டு கார் நிற்கிற மாதிரி வீடு வாங்கி, தம்பி குடும்பத்துக்கு கிரீன் கார்டு அப்ளை பண்ணிக் கூப்பிட்டுக்கொண்டவள். கூப்பிட்டாளே தவிர, வந்து இறங்கியவர்களைக் கண்டதும் அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கார்ப்பெட்டில் செருப்புக் கால் படக் கூடாது. ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிக்கக் கூடாது. பாத்ரூம் தரையில் தண்ணீர் சிந்தக் கூடாது. வீட்டுக்கு வந்த யாரோ ஒரு ஆன்ட்டியிடம், "தம்பி வைஃப். ஊர்ல இருந்து இப்பத்தான் வந்திருக்கா. இன்னும் ஒண்ணும் தெரியாது" என்று ஜெயலீலாவின் காது கேட்கவே சொன்னாள். ஒண்ணும் தெரியாதாம்! இங்கிலீஷ் கிராமரைக் கரைத்துக் குடித்தவளைப் பார்த்து!

பெட்டிக்குள் பழைய சேலையில் சுருட்டிக் கொண்டுவந்திருந்த நெத்திலிக் கருவாட்டை ஜெயலீலா ஒரு மத்தியானம் வறுத்தாள். புகை பட்டதும் கூரையில் ஒட்டியிருந்த வட்டப் பெட்டி ஒன்று ஊரைக் கூட்டிக் கத்த ஆரம்பித்தது. மயினியின் மகன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மாம், இட்ஸ் டிஸ்கஸ்டிங்" என்று மாடிக்கு ஓடினான். மயினி அந்தப் பிப்ரவரிக் குளிரில் எல்லா ஜன்னலையும் திறந்து போட்டாள்.

"இந்த நாத்தத்த எல்லாம் ஊர்லயே விட்டுட்டு வந்திருக்கணும்."

"நீங்க பொறந்த வீட்டு நாத்தம்தான மயினி. அதுக்குள்ள மறந்துபோச்சா?"

அவ்வளவுதான். பேச்சு கருவாட்டில் ஆரம்பித்து எங்கெங்கோ போயிற்று. கடைசியில் ஜெயலீலா பெட்டியைத் தூக்கி நடு ஹாலில் வைத்தாள். "உங்க வீட்டு வாசப்படிய இனிமே மிதிச்சேன்னா என் பேரு ஜெயலீலா இல்ல" என்றாள்.

"ஏட்டி, போ. எங்க போனாலும் என் வாசல்லதான் வந்து நிப்ப. நானும் பாக்கத்தான போறேன்" என்றாள் மயினி.

ஆக, அவளுக்கு இந்த நாட்டில் வேண்டியது ஒன்றே ஒன்றுதான் என்று ஆகிவிட்டது. வீடு வேண்டாம், கார் வேண்டாம், பனியில் போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்ப வேண்டாம். அந்த வாசலில் திரும்பப் போய் நிற்கக் கூடாது.

பால்துரைக்கு பேட்டர்சனில் ஒரு சாயப் பட்டறையில் வேலை கிடைத்திருந்தது. சாயம் போட்டு வரும் துணியைச் சிப்பம் கட்டும் வேலை. அங்கே கூட வேலை பார்த்த சந்தானம் என்ற பையன் டெக்சஸுக்கு மாறிப்போனான். அவன் காலி பண்ணின மாடி வீடு அப்படியே இவர்கள் கைக்கு வந்தது. ஒரு கட்டில், ஒரு ஆடுகிற மேஜை, சுவரில் தொங்கும் போன் எல்லாம் அவன் விட்டுப்போனவை. வீட்டுக்காரர் லூயி வயசான இத்தாலிக்காரர். எழுத்துமில்லை, கையெழுத்துமில்லை, சந்தானம் சொன்னான், சரி என்று சாவியைக் கொடுத்துவிட்டார். கொடுக்கும்போது ஒரே ஒரு கண்டிஷன் போட்டார். தெருக்கதவை எப்போதும் பூட்ட வேண்டும். சாத்தினால் போதாது, அது தானாகப் பூட்டிக்கொள்கிற கதவு இல்லை. போன வருஷம் எவனோ உள்ளே புகுந்து மாடிப்படியில் படுத்திருந்தானாம். "லாக் இட். ஆல்வேஸ்" என்று விரலை ஆட்டிச் சொல்லிவிட்டுப் போனார்.

தெருவில் இறங்கிப் பார்த்தபோது ஜெயலீலாவுக்குத் தலை சுற்றிவிட்டது. ஒரு கடை போர்டில்கூட அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் இல்லை. மளிகைக் கடைக்காரனிடம், "குட் மார்னிங், மே ஐ ஹேவ் சம் டொமேட்டோஸ்?" என்று கிராமர் பிசகாமல் கேட்டாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே பார்த்து வேறு ஏதோ பாஷையில் கூப்பிட்டான்.

"இவனுக எல்லாம் யாரு?" என்று வீட்டுக்கு வந்து கணவனிடம் கேட்டாள்.

"தென் அமெரிக்காக்காரங்க. பெருன்னு ஒரு நாடாம். இந்தத் தெரு பூரா அவங்கதான்."

"அப்ப நம்ம எதுக்கு வட அமெரிக்காவுக்கு விசா வாங்குனோம்? நேரா அங்ஙனயே போய் எறங்கியிருக்கலாம்லா?"

கீழ் வீட்டில் இருந்தவளும் பெருக்காரிதான். பெயர் வில்மா. பதினாலு, பதினஞ்சு வயசில் ரொக்ஸானா என்று ஒரு மகள். புருஷன் என்று யாரும் கண்ணில் படவில்லை. இவர்கள் சாமான் ஏற்றின அன்றைக்கு வில்மா தன் கதவைத் திறந்து வெளியே வந்தாள். தெருக்கதவை இடுப்பால் முட்டுக் கொடுத்து நிறுத்தினாள். பால்துரை திணறுவதைப் பார்த்து டிரங்குப் பெட்டியின் ஒரு முனையை வேறு பிடித்தாள். ஜெயலீலாவைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். பரவாயில்லையே, மனுஷ முகம் ஒன்று கண்ணில் பட்டதே என்று ஜெயலீலாவுக்கும் ஆறுதலாக இருந்தது.

அந்தச் சிரிப்பு மறுநாள் விடியும்வரைகூடத் தாங்கவில்லை.

பால்துரைக்கு முதல் ஷிப்ட். இருட்டோடு கிளம்ப வேண்டும். மனுஷன் ஊரில் நூல் மில்லில் வேலை பார்த்துப் பார்த்துக் காது பாதி போனவர். மெல்லச் சொன்னால் ஏறாது. அதோடு கதவைப் பூட்டும் பழக்கம் பிறந்ததிலிருந்தே கிடையாது. சாத்துவார், போய்க்கொண்டே இருப்பார். முதல் நாளே அவர் தெருக்கதவை வெறுமனே இழுத்து விட்டுப் போகப் பார்த்தார். மாடிப்படி மேலே நின்ற ஜெயலீலா அதைப் பார்த்துவிட்டாள். லூயி கண்டால் என்ன ஆகும்? இந்த வீடும் போனால் மகள் எமிமாவையும் கூட்டிக்கொண்டு எங்கே போவது? நைட்டிக்கு மேல் ஸ்வெட்டரை இழுத்து விட்டுக்கொண்டு, டீச்சர் தொண்டையைத் திறந்தாள்.

"எமிமாப்பா! பூட்டாம போகாதிய! பூட்டாம! காது கேக்கா? பூட்டாம!"

அவர் திரும்பி, "என்னது?" என்றார்.

"பூட்டாம! பூட்டாம போறியளே!"

அதே நேரத்தில் வில்மா வெளியிலிருந்து வாசல்படி ஏறி வந்தாள். தோளில் பை, உதட்டில் சிவப்புச் சாயம், கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. கதவுக்குள் ஒரு கால் வைத்தவள் அப்படியே நின்றாள். மேலே நிமிர்ந்து ஜெயலீலாவைப் பார்த்தாள். பிறகு தன் வீட்டுக்குள் போய்க் கதவை அறைந்தாள். மாடிப்படியே அதிர்ந்தது.

"நேத்து அப்படிச் சிரிச்சவா, இன்னைக்கு என்ன வந்துச்சு இவளுக்கு?" என்று ஜெயலீலா வாய்விட்டே சொன்னாள்.

மறுநாளும் அதேதான். பால்துரை மறப்பார், இவள் கத்துவாள், வில்மா வந்து ஏறுவாள், கதவு அறையும். அதற்கப்புறம் கீழே இருந்து விளக்குமாற்றுக் கட்டையால் கூரையில் இடி. குப்பைப் பையை இவர்கள் படியில் கால் வைக்கும் இடத்தில் கட்டி வைத்திருந்தாள். பின்பக்கக் கொடியில் காயப்போட்ட சேலை பனிச் சகதியில் கிடந்தது. காற்று தள்ளிவிட்டது என்றார் பால்துரை. "காத்துதான் கிளிப்பக் கழட்டி வரிசையா அடுக்கி வச்சுட்டுப் போச்சாக்கும்?" என்று கேட்டாள் ஜெயலீலா.

இவள் மட்டும் சும்மா இருப்பாளா? வில்மா பகலில் தூங்குகிறவள் என்று சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டாள். ஊரிலிருந்து கொண்டுவந்த சின்ன இடிகல்லை அடுப்படியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து, வில்மாவின் படுக்கையறைக்கு நேர் மேலே வைத்துக்கொண்டு மிளகு இடித்தாள். மிளகு தீர்ந்தால் மல்லி. மல்லி தீர்ந்தால் வெறும் கல்லையே இடித்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் எமிமாவிடம் கயிறைக் கொடுத்து, "உள்ளேயே ஸ்கிப்பிங் ஆடுட்டி, வெளிய குளிரு" என்றாள். பிள்ளை ஆடினாள். கீழே இருந்து கட்டை இடித்தது. ஜெயலீலாவுக்கு அன்றைக்குச் சோறு நன்றாக இறங்கியது.

"ஏம் லீலா வம்ப விலைக்கு வாங்குத?" என்றார் பால்துரை.

"நானா வாங்குதேன்? அவா ராத்திரி ராத்திரி எங்க போறா, கேட்டியளா? இருட்டுன பொறவு மினுக்கிக்கிட்டுக் கெளம்புதா. விடியக்கால வந்து பகல் பூரா ஒறங்குதா. புருஷனும் இல்ல."

"வேலைக்குப் போவாளா இருக்கும்."

"ராத்திரில என்ன வேல? உதட்டுச் சாயம் போட்டுக்கிட்டு? நீங்க பேசாம இரிங்க. எனக்குத் தெரியாதாக்கும்."

அப்படி ஒரு எண்ணம் தலைக்குள் புகுந்த பிறகு ஜெயலீலாவின் விடியற்காலைச் சத்தத்திலும் அது ஏறிவிட்டது. வாய் புருஷனைப் பார்த்து, "பூட்டாம போகாதிய!" என்று சொல்லும். கண் கீழே படியேறுகிறவளை உச்சி முதல் உள்ளங்கால்வரை அளக்கும். சொன்ன மாதிரியும் ஆச்சு, முறைத்த மாதிரியும் ஆச்சு. அதில் அவளுக்கு ஒரு ருசியே வந்துவிட்டது.

பிள்ளையின் கோட்டில் வில்மா கை வைத்ததுதான் அதிகம். எமிமாவுக்கு இருந்ததே ஒரு குளிர்கோட்டு. மழையில் நனைந்துவிட்டது என்று மாடிப்படிக் கைப்பிடியில் போட்டிருந்தார்கள். காலையில் அதைக் காணவில்லை. தேடினால், பின்பக்கக் குப்பைத் தொட்டியில், மீன் குடலோடு குடலாகக் கிடந்தது. எமிமா அதைப் பார்த்துவிட்டு ஏங்கி ஏங்கி அழுதாள். ஜெயலீலா தொட்டிக்குள் கை விட்டு அதை வெளியே எடுத்தாள். என்னை என்ன வேண்டுமானாலும் செய்யட்டும், பிள்ளை என்ன பாவம் பண்ணியது? அன்றைக்கே சுவர் போனை எடுத்து லூயியைக் கூப்பிட்டாள்.

ஒவ்வொன்றாகச் சொன்னாள். இங்கிலீஷ் தடங்கல் இல்லாமல் வந்தது, இத்தனை நாள் கேட்க ஆளில்லாமல் கிடந்த இங்கிலீஷ். குப்பை, சேலை, கட்டை, கோட்டு. லூயி "யா, யா" என்று கொட்டாவி விட்டார். இந்தக் கிழவன் அசைய மாட்டான் போலிருக்கிறதே என்று ஜெயலீலாவுக்கு எரிந்தது. அப்போதுதான் அந்த வாக்கியத்தைச் சொன்னாள்.

"சார், ஷீ கோஸ் அவுட் எவ்ரி நைட். ஷீ இஸ் எ உமன் ஆஃப் லூஸ் கேரக்டர்."

எதிர்ப்பக்கம் கொட்டாவி நின்றது. "வாட் டிட் யூ சே?"

"வி ஹேவ் எ டாட்டர், சார். வி ஆர் ஃபேமிலி பீப்பிள்" என்றாள் ஜெயலீலா. போனை வைத்ததும் நெஞ்சு நிமிர்ந்தது. ஒன்று அவள் போவாள், இல்லை அடங்கிக் கிடப்பாள். எப்படியானாலும் வீடு தப்பியது.

லூயி மறுநாள் சாயங்காலம் வந்தார். எமிமா மாடியில் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பால்துரை வேலை முடிந்து வந்து இன்னும் சட்டை மாற்றவில்லை. கையிலும் நகத்திலும் நீலச் சாயம். தெருக்கதவுக்கும் மாடிப்படிக்கும் நடுவில் இருந்த அந்தச் சின்ன இடத்தில் எல்லாரும் நின்றார்கள். வில்மா தலைமுடியைத் துணியில் கட்டியிருந்தாள். பக்கத்தில் மகள் ரொக்ஸானா. தாய்க்கு இங்கிலீஷ் வராது, மகளுக்கு நன்றாக வரும்.

"கோட்டை நீதான் குப்பையில் போட்டாயா?" என்று லூயி வில்மாவைக் கேட்டார்.

ரொக்ஸானா தாயிடம் கேட்கவே இல்லை. "ஆமாம், போட்டாள். சேலையையும் அவள்தான் தள்ளினாள். ஏன் என்று கேளுங்கள்" என்றாள். விரலை நேராக ஜெயலீலாவின் முகத்துக்கு நீட்டினாள். "என் அம்மா வேலை முடிந்து வீட்டுக்குள் கால் வைக்கும்போது, தினமும், ஒரு நாள் தவறாமல், இந்த அம்மா மேலே நின்றுகொண்டு அவளைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டுகிறாள்."

"நானா?" என்றாள் ஜெயலீலா. "ஐ நெவர் ஸ்போக் ஒன் வேர்ட் டு ஹர்!"

"பொய்!" அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. "நானே படுக்கையிலிருந்து கேட்டிருக்கிறேன். 'பூட்டாமா! பூட்டாமா!' தெருவுக்கே கேட்கும்."

சத்தம் கூட்டி, மூக்கால் இழுத்து, அச்சு அசலாக ஜெயலீலா மாதிரியே கத்திக் காட்டினாள். ஜெயலீலாவுக்கு ஒரு கணம் தன் குரலே கீழேயிருந்து வந்த மாதிரி இருந்தது.

"அதுக்கு என்ன?" என்றாள் குழப்பமாக.

லூயி கனைத்துக்கொண்டார். "இங்கே பார். பூத்தா என்றால் இவர்கள் பாஷையில் விபசாரி. மா என்று சேர்த்தால் தாயையும் இழுத்துத் திட்டுவது. இந்தத் தெருவில் அதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது. அதைத்தான் தினமும் சொன்னாயா?"

முதலில் விஷயம் பிடிபட்டது பால்துரைக்குத்தான். காது மந்தமாக இருந்தாலும் இது ஏறிவிட்டது. "அட ஆண்டவரே! பூட்டாம! லீலா, பூட்டாமங்கியே, அது!" என்று தொடையைத் தட்டினார். பையில் இருந்த சாவியை எடுத்துக்கொண்டு தெருக்கதவுக்கு ஓடினார். தன் அரைகுறை இங்கிலீஷில், "லுக், லுக். திஸ், பூட்டு. லாக். ஐ நோ லாக், மை வைஃப் ஷௌட். பூட்டாம, மீனிங், வித்தவுட் லாக்!" என்று பூட்டில் சாவியைப் போட்டுத் திருப்பித் திருப்பிக் காட்டினார். கதவைத் திறப்பார், வெளியே போகிற மாதிரி நடப்பார், காதில் கை வைப்பார், மாடியைக் காட்டுவார், திரும்ப வந்து பூட்டுவார். ஜெயலீலா கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் இவ்வளவு பேசிப் பார்த்ததில்லை.

லூயி முதலில் சிரித்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நான்தான் பூட்டச் சொன்னேன்! கடவுளே, நான்தான் சொன்னேன்!" ரொக்ஸானா நம்பாமல் பூட்டையும் இவர்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தாயின் காதில் வேகமாக எதையோ சொன்னாள். வில்மா, "போ... பூட்டு?" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள். பால்துரை, "எஸ், எஸ், பூட்டு!" என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையை ஆட்டினார். வில்மாவின் வாய் ஓரத்தில் ஒரு சிரிப்பு எட்டிப்பார்த்தது. கோட்டை நினைத்தாளோ என்னவோ, ஒரு கையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டு ஜெயலீலாவைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தினாள்.

ஜெயலீலாவுக்கு உயிர் திரும்பி வந்தது. சிரிக்கலாமா என்று வாயைத் திறந்தாள்.

அப்போது லூயியின் சிரிப்பு நின்றது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எதையோ யோசித்த மாதிரி ஜெயலீலாவைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆனால் நேற்று போனில் அதே வார்த்தையை நீ என்னிடம் சொன்னாயே. இங்கிலீஷில்."

பால்துரை சாவியோடு நின்றார்.

"என்ன சொன்னாள்?" என்று ரொக்ஸானா கேட்டாள்.

"விடு."

"என்ன சொன்னாள், மிஸ்டர் லூயி?"

லூயி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ராத்திரி வெளியே போகிறவள், ஒழுக்கம் கெட்டவள், நாங்கள் குடும்பத்தோடு இருக்கிறவர்கள் என்று. ரொக்ஸானா கல் மாதிரி நின்றாள். வில்மா மகளின் கையைப் பிடித்து உலுக்கினாள். என்ன, என்ன என்று கேட்கிறாள் என்பது ஜெயலீலாவுக்குக்கூட விளங்கியது. அந்தப் பெண் தாயின் முகத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னாள். மெல்லத்தான் சொன்னாள். அதில் அந்த 'பூத்தா' வந்தது. இந்தத் தடவை அது பூட்டு இல்லை.

"அவள் ஆஸ்பத்திரித் துணி துவைக்கிற லாண்டரியில் வேலை செய்கிறாள்" என்றாள் ரொக்ஸானா ஜெயலீலாவிடம். அழுகையை அடக்கியதில் குரல் உடைந்தது. "ரத்தமும் பீயும் ஒட்டின துணி. ராத்திரி முழுக்க. எனக்கு ஆறு வயசிலிருந்து."

ஜெயலீலாவிடம் சொல்வதற்கு இன்னும் உண்மை மிச்சம் இருந்தது. அது பூட்டுதான், சத்தியமாக முதல் நாள் அது பூட்டுதான். சொல்லலாம். கர்த்தர் மேல் ஆணையிட்டுச் சொல்லலாம். ஆனால் யாரிடம் சொல்வது? அவள் வாய் பூட்டு என்றுதான் சொன்னது, அவள் மனசு சொன்னதை இந்தப் பொம்பளை ஒரு எழுத்துப் பிசகாமல் கேட்டிருக்கிறாள். தப்பாகக் கேட்டாள் என்று இவளை எப்படிச் சொல்வது? ஜெயலீலாவுக்குக் காதெல்லாம் சுட்டது. அவமானம் என்றால் அப்படி ஒரு அவமானம்.

"சாரி" என்றாள். அவளுக்கே கேட்கவில்லை.

வில்மா திட்டவில்லை, துப்பவில்லை. மகளிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவை அறையக்கூட இல்லை, மெல்லச் சாத்திக்கொண்டாள்.

"அம்மா என்ன சொன்னாள்?" என்று லூயி கேட்டார்.

"வேலைக்கு நேரமாகிறதாம்" என்றாள் ரொக்ஸானா. அவளும் உள்ளே போய்விட்டாள்.

லூயி தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. "அவள் ஒன்பது வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறாள். உன் பெயர்கூட எனக்குச் சரியாகச் சொல்ல வராது. நமக்குள் எழுத்து ஒன்றும் கிடையாது. சனிக்கிழமை சாவியைக் கொடுத்துவிடு."

"சார், ப்ளீஸ்" என்றார் பால்துரை. "சார், சைல்ட், ஸ்கூல், ப்ளீஸ்."

"சாட்டர்டே" என்றார் லூயி.

மேலே வந்தும் பால்துரை அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலாம். சாய நகத்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே இருந்தார். கடைசியில், "அக்காவுக்கு நான் போன் பண்ணுதேன். நீ பேச வேண்டாம்" என்றார்.

"வேண்டாம். நான்தான் பேசணும்" என்றாள் ஜெயலீலா.

எதிர்ப்பக்கம் மயினி எடுத்தாள். ஜெயலீலா, "மயினி, சனிக்கிழமை நாங்க..." என்று ஆரம்பித்து நிறுத்தியதுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. குரலில் சிரிப்பு ஏறியது.

"நான்தான் சொன்னேன்ல? என்ன, வெரட்டிட்டானா?"

"ஆமா மயினி."

"அந்தக் கீழ்வீட்டு ஸ்பானிஷ்காரிதான? தம்பி சொன்னான். இவளுகளப் பத்தி எனக்குத் தெரியாதா? அவா ஏதோ பண்ணியிருப்பா, பழிய ஒங்க மேல போட்டிருப்பா. அப்படித்தான?"

ஆமாம் என்றால் போதும். மயினியே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிடுகிறாள். அந்த வாசலில் நிற்கத்தான் வேண்டும் என்றால், தலை குனியாமல் நிற்க இது ஒன்றுதான் வழி. ஜெயலீலா போன் வயரை விரலில் சுற்றினாள். எமிமா பென்சிலை வைத்துவிட்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல மயினி. அவா ஒண்ணும் பண்ணல. நான்தான் பண்ணுனேன். அவா ராத்திரி வேலைக்குப் போறா. நான் அவள அந்த மாதிரிப் பொம்பளன்னு சொல்லிட்டேன். வீட்டுக்காரன்ட்டயே சொன்னேன். அவா பிள்ள கேட்டுக்கிட்டு நின்னா."

கட் ஆகிவிட்டதோ என்று ஜெயலீலா போனைக் காதில் அழுத்தினாள். மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது.

"மயினி?"

"நான் இந்த நாட்டுக்கு வந்து எட்டு வருஷம் நைட் ட்யூட்டிதான் பாத்தேன்" என்றாள் ஜோசபின் மயினி. குரலில் சிரிப்பு இல்லை, சண்டை இல்லை. "ஒன் கல்யாணத்துக்கு ஊருக்கு வந்திருந்தேன். அடுப்படில வச்சு என் நைட் ட்யூட்டிய என்னன்னு பேசுனாளுக, யாரு யாரு சிரிச்சாளுகன்னு எனக்குத் தெரியும். கதவுக்கு வெளியதான் நின்னேன்."

ஜெயலீலாவுக்கு அந்த அடுப்படி ஞாபகம் வந்தது. புதுப்பெண் என்று நடுவில் உட்கார வைத்திருந்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள். அவள்தான் சத்தமாகச் சிரித்தாள்.

"மயினி..."

"சாமான கட்டி வை. சனிக்கிழமை வண்டி எடுத்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு ஜோசபின் போனை வைத்துவிட்டாள்.